அறுபது சிசி

அக்டோபர்ப் புயல் ஒரே இரவில்
என் காட்டில் நானூறு ஸ்ப்ரூஸ் மரங்களைச் சாய்த்தது.
மே மாதம் பட்டை வண்டு பறக்கும்.
அதற்குள் அறுத்து, கிளை கழித்து,
சாலைக்கு இழுத்துப் போட்டாக வேண்டும்.
கையிலிருந்த ரம்பம்
ஏழாவது மரத்தில் பிஸ்டன் இறுகிச் செத்தது.
விறகுக்கென்று வாங்கியது.
அதைக் குற்றம் சொல்ல முடியாது.

இரவெல்லாம் விலைப்பட்டியல் புரட்டினேன்.
ஐம்பது சிசி காலையில் இறகு,
மதியத்துக்கு மேல் மூச்சிரைக்கும்.
எழுபது சிசி, மரம் விழுமுன்
என் தோளை விழத்தட்டும்.
எனக்கு வயது ஐம்பத்து மூன்று,
எடை அறுபத்தொன்று.
ஆக, அறுபது சிசி. மெக்னீசிய உடல்.
சங்கிலி மூடியைக் கழற்ற இரண்டே நட்டு.
இதில் குழப்பமில்லை.

எங்கே வாங்குவது என்பதில்தான்.

தார்த்து நகரத்துப் பெரிய கடையில்
பூந்தொட்டிகளுக்கும் குளியல் தொட்டிகளுக்கும் நடுவே
கண்ணாடிக்குள் இருந்தது.
"கார்புரேட்டரை யார் சரிசெய்வார்கள்?"
மேலாளரை அழைத்துவரப் போன பையன்
மேலாளரோடு சேர்ந்து காணாமல் போனான்.

இணையத்தில் நூற்றிருபது யூரோ மலிவு.
பழுதானால் பெட்டி கட்டி ரீகாவுக்கு அனுப்ப வேண்டும்.
ஆறு வாரம்.
வண்டிடம் தவணை கேட்க முடியுமா?

மிச்சம் ஒரே கடை.
வாஸ்ட்செலீனா சாலைத் திருப்பத்தில்
ஆர்வெட் கிவிசாருடையது.

எனக்கும் அவனுக்கும் நடுவே
மூன்று மரம், ஓர் எல்லைக்கல்,
பதினொரு வாய்தா.
நான்கு வருடமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை,
வக்கீல்கள் பேசிக்கொள்கிறார்கள்.
ஆனால் இந்தப் பக்கத்தில் காட்டு வேலை செய்யும் எவரைக் கேட்டாலும்
கையைத் துடைத்துக்கொண்டு அவன் பெயரைத்தான் சொல்கிறார்கள்.
என் தம்பியும் சொன்னான்.
வழக்கில் அவன் என் சாட்சி.

கதவு மணி அடித்தது. நிமிர்ந்தான்.
மறுபடி குனிந்து, அரம் வைத்திருந்த பல்லைத்
தீட்டி முடித்தான்.
பிறகு:
"என்ன மரம்?"
"ஸ்ப்ரூஸ். சாய்ந்தது."
"குறுக்களவு?"
"முப்பத்தைந்து. சில நாற்பத்தைந்து."
"எத்தனை?"
"நானூறு. உங்கள் ஜன்னலிலிருந்தே தெரியுமே."
"நான் எண்ணவில்லை" என்றான்,
கொஞ்சம் அவசரமாக.

விலை அதிகமான எழுபது சிசி
தலைக்கு மேலேயே தொங்கியது.
அவன் அதன் பக்கம் போகவில்லை.
அறுபதை இறக்கி, எண்ணெய் கலந்த பெட்ரோல் ஊற்றி,
வெளியே பனியில் மண்டியிட்டு
மூன்றாம் இழுப்பில் உறும வைத்தான்.
சத்தத்தைக் காதால் அளந்து
திருகைத் தலைமுடி அளவு திருப்பினான்.
நுனியை பிர்ச் கட்டையின் வெள்ளைப் பட்டைக்கு நேரே பிடித்தான்:
மெல்லிய எண்ணெய்க் கோடு விழுந்தது.
அவன் போட்ட கோடுகளில்
நான் தகராறு செய்யாத முதல் கோடு.

பதினைந்து அங்குலப் பார் போதும் என்றான்.
பதினெட்டு கேட்டேன்.
"கிளை கழிக்கும்போது என்னைத் திட்டுவீர்கள்."
"எப்படியும் திட்டத்தான் போகிறேன்."
பதினைந்தையே மாட்டினான்.

ஒரு சென்ட் குறைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.
பில்லில் என் முகவரியை
என்னைக் கேட்காமலே எழுதினான்,
அஞ்சல் எண் வரைக்கும்.
"ஐம்பது மரம் ஆனதும் கொண்டு வாருங்கள்,
ஒரு தடவை பார்த்துவிடலாம்."
"எப்படியும் பதினான்காம் தேதி டவுனுக்கு வருவேன்."
"அன்று கடை கிடையாது" என்றான்.
"நானும் கோர்ட்டில்தான் இருப்பேன்.
பதின்மூன்று வாருங்கள்."

இன்றோடு நாற்பத்தொன்பது ஆகிறது.
ரம்பம் சூடு ஆறுவதற்காகப்
பனியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
எதிரே அந்த மூன்று மரங்கள்,
புயல் தள்ளியபடி எல்லைக்கல்லின் மேல்:
வேர் என் பக்கம், தலை அவன் பக்கம்.
தீர்ப்பு வரும்வரை யாரும் தொடக் கூடாது.
வண்டுக்கு அந்த உத்தரவு போகவில்லை.

அவன் ஜன்னலில் விளக்கு எரிகிறது.
எண்ணிக்கொண்டுதான் இருப்பான்.