நிகர எடை

பர்கூர் ரோட்டு எடைமேடைக்கு
இருபது கிலோதான் சில்லறை.
அதற்குக் கீழே கணக்கு வராது.
தை மாதம் ஐம்பத்தாறு இருந்தேன்,
ஏறி நின்றால் அறுபது காட்டியது.
இப்போது ஐம்பத்தொன்பதே முக்கால்,
அதே அறுபது.
கிரானைட் பாளம் ஏற்றிய லாரிகளுக்கு நடுவே
நான் ரசீது போடாத எடை.

இராத்திரி ஷிப்டு எனக்கு.
"காலியா, லோடா?"
கூண்டுக்குள்ளிருந்து நான் கேட்பது இவ்வளவுதான்.
போட்டித் தராசு வேறு ஜாதி.
அது கிராமில் பேசும்.
அறுபதுக்கு மேல் ஐம்பது கிராம் போனால்
கனமான பெண்களோடு நிற்கச் சொல்லும்.

கார்த்திகையில் ஓசூரில்
முதல் ரவுண்டு என்னுடையது.
அதற்கு முன் மூன்று மாதம்
இரும்பைத் தவிர வேறெதையும் தொடவில்லை.
அம்மா என் ஜாக்கெட் தோளை
இரண்டு முறை பிரித்துத் தைத்தாள்,
ஏன் என்று கேட்கவில்லை.
இரண்டாம் ரவுண்டில் கை இருந்தது,
மூச்சு இல்லை.
தளியிலிருந்து வந்த சௌடேஸ்வரி,
முருங்கைக் குச்சி மாதிரி இருப்பாள்,
மூலைக்கு மூலை தபால் கொடுக்கிறவளாய்ச்
சுற்றிச் சுற்றி வந்தாள்.
எல்லாத் தபாலும் என் மூக்கு விலாசத்துக்கு.

அப்புறம் ஓடினேன்.
கோபம் ஓடுவதற்கு நல்லது.
டவுனிலிருந்து கே.ஆர்.பி. அணை,
மதகைத் தொட்டுத் திரும்பி வீடு,
நாற்பது நாள்.
டீசல் தீர்ந்தால் லாரி நின்றுவிடும்.
உடம்புக்கு அந்த மரியாதை தெரியாது,
தன் தொடையை எரித்து ஓடியது,
முதுகை எரித்து ஓடியது.
பொங்கல் கழித்துப் பையில் ஒரு குத்து விட்டேன்.
பை அசையவில்லை.
யாரது என்று கேட்டதைப் போல இருந்தது.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு
என்றவர்கள்,
ஒரே ஆளுக்கு இரண்டும் வேண்டுமானால்
எதை முதலில் ஊறவைப்பது என்று
சொல்லாமல் போய்விட்டார்கள்.
என் டப்பாவில் இரண்டும் இருக்கின்றன.
கூட நாலு முட்டை.
மதியத்துக்குக் களி,
என் முஷ்டியைவிடப் பெரிய உருண்டை.

காலண்டரில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.
திங்களும் வியாழனும் இரும்பு,
கனம் கூட, எண்ணிக்கை ஐந்து.
செவ்வாய் நெடு ஓட்டம்,
வாக்கியம் முறியாமல் பேச முடிகிற வேகத்தில்.
புதன் அழித்து அழித்துக் கிழிந்துவிட்டது.
சனிக்கிழமை சையத் பாஷா மலைப் படிகள்,
ஏறும்போது பாய்ச்சல், இறங்கும்போது நடை.
தனியாக ஓடும்போது யாரிடம் பேசுவது?
வண்டி எண்களைச் சொல்லிக்கொண்டு ஓடுகிறேன்.

இரும்பும் ஓட்டமும் ஒரே காலையில் வைத்தேன் ஒருநாள்.
முபஷிரா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:
"ரெண்டு முதலாளி வெச்சா
கால் யாரு சொல்றதடி கேக்கும்?"
அவளே அடுத்த வாரம்
இரண்டையும் ஒரே காலையில் செய்து
படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

ஞாயிறு தூக்கம் என்று எழுதி
இரண்டு கோடு இழுத்திருக்கிறேன்.
லாரிக்கு ஞாயிறு கிடையாது.
தசை தூக்கத்தில்தான் வளர்கிறதாம்.
என்னுடையது
தார்ப்பாய் இழுக்கும் சத்தத்துக்கும்
ஹாரனுக்கும் இடையில்
கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது.

நேற்று விடியற்காலம் மூன்று மணி.
மாங்கூழ் ஆலைப் பக்கமிருந்து
புளித்த இனிப்பாய்க் காற்று.
திம்மராயன் அண்ணன் வண்டி
நாற்பத்திரண்டாயிரத்து முந்நூற்று அறுபது.
சீட்டை வாங்கி, வண்டியை ஓரங்கட்டி,
டீக்குப் போனார்.
காலியான மேடையில் ஏறி நின்றேன்.
இடது, இடது, வலது.
கம்பத்துச் சிவப்பு எண்
எண்பது என்றது, நாற்பது என்றது,
அறுபது, நூறு, மறுபடி நாற்பது.
ஆனியில் சேலம்.
குனிந்து எழுந்தேன், கொக்கி, வலது, பின்கால்.
இரும்புத் தகடு காலடியில் முனகியது.

இரண்டு கிளாஸோடு திரும்பி வந்தவர்
எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"காலியா, லோடா பாப்பா?"

மூன்றாவது நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.
"டீயக் கூண்டு ஜன்னல்ல வெச்சுட்டுப் போங்கண்ணா,
இன்னும் நாப்பது செகண்டு இருக்கு, முடிச்சிட்டு வரேன்"
என்றேன்,
கை நிற்காமல்,
வாக்கியம் எங்கும் முறியாமல்.