நான்காம் பதிவு

திரையில் 1911.
சர்க்கரை ஆலையைப் பிரித்தாகிவிட்டது;
இப்போது வெள்ளிக் கரண்டிகள்.
மூன்று பிள்ளைகளும் எண்ணுகிறார்கள்.
பதினொன்றுதான்.

லுப்லியானாவில், ஜன்னலில்லாத கூடத்தில்,
நாங்கள் நாற்பது வில்லாலும் அழுதோம்.
"போதாது" என்றார் இயக்குநர்.

நான்காம் முறை
வியோலாக்காரர் லோவ்ரோவின் நாற்காலி
கிறீச்சிட்டது.
அதே நொடி அங்கே தாய்
பாவாடை மடிப்பில் ஒரு கையை மறைத்தபடி
மேசையை விட்டு எழுகிறாள்.

லோவ்ரோ மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.
கண்ணாடிக்குப் பின்னால் யெரித்சா
கை உயர்த்தினாள்: அசையாதே.

பிறகு பென்சிலை எடுத்து,
ஆறு வாரம் எழுதிய
அத்தனை அழுகையையும் அடித்தாள்.

சம்பளச் சீட்டில் இப்படி இருந்தது:
லோவ்ரோ. வியோலா.
அதன் கீழே, அவள் கையெழுத்தில்,
நாற்காலி.