பதினோரு படி

தொண்ணூற்றெட்டு, டிசம்பர் கடைசி வாரம்.
முப்பத்தொன்றோடு மனு வாங்குவது முடிகிறது என்று
ரேடியோ சொல்லிச் சொல்லி
டர்பன் பாதி எங்கள் ஆபீஸ் வாசலில்.
மின்விசிறி ஒன்றுதான்,
அதுவும் அதிகாரி பக்கம் திரும்பியிருந்தது.

நான் தற்காலிகக் குமாஸ்தா.
பறிபோன வீடுகளை நாளைக்கு நாற்பது எழுதுவேன்.
எந்தத் தெரு, எத்தனை அறை,
குழாய் உள்ளேயா வெளியேயா,
காய்க்கிற மரம், காய்க்காத மரம்.
எந்தச் சட்டப்படி வெளியேற்றப்பட்டீர்கள்?
சட்டத்தின் பேரை யாரும் சொல்வதில்லை.
"லாரி வந்துச்சு" என்பார்கள்.
சட்டத்தை நானே எழுதிக்கொள்வேன்.

அன்று ஆலமேலு படையாச்சி.
கேட்டோ மேனர், பெல்லேர் ரோட்டுக்குக் கீழே,
ஆறு அறை, ஒரு மாமரம்,
அதில் பாதி நிழல் அடுத்த வீட்டுக்காரனுக்கு.
இரண்டு கண்ணிலும் புரை.
கைபிடித்துக் கூட்டிவந்தவள்
மேல்மாடி ஃபிளாட்டில் இருக்கும் மருந்துக்கடைக்காரி, நஜ்லா.

இப்போது அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்?
"யாருமில்ல. எங்க மனையில புல்லு.
முப்பது வருஷமா புல்லு.
இதுக்கா எங்கள எழுப்புனானுங்க?"
எழுதினேன்: காலி.

"எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறார்கள்"
என்றாள் நஜ்லா, யாரும் கேட்காமலே.

ஹைஃபாவுக்கு வடக்கே, மலைச்சரிவில், கல்வீடு.
நாற்பத்தெட்டில் அவள் அப்பாவுக்கு ஏழு வயது.
அப்புறம் லெபனான், முகாம்,
கூடாரம் தகரமாகி, தகரம் சிமெண்டாகி,
அங்கேதான் இவள் பிறந்தது.
கட்டிக்கொண்டவன் இந்த ஊர்க்காரன்.
அவனால் கிடைத்த பாஸ்போர்ட்டோடு
இரண்டு வருஷம் முன்பு போய் நின்றாளாம்.

கதவைத் திறந்தவள் கையெல்லாம் மாவு.
யார் வேண்டும் என்றாள்.
முகவரி தப்பிவிட்டது என்றாளாம் இவள்.
அவள் தோளுக்கு அப்பால்
அப்பா சொன்ன அதே பூப்போட்ட தரை,
மூலையில் ஒரு விரிசல்,
அதை மட்டும் அவர் சொன்னதில்லை.

இறங்கும்போது எண்ணினாளாம்.
முகாமில் பிள்ளைகள் முதலில் படித்த கணக்கு அது:
வாசலுக்குப் பதினோரு படி.
விளக்கில்லாமல் வந்தாலும் இடறாமல் ஏறலாம்,
பதினொன்று.
எண்ணினால் ஒன்பது.
ஏறிப்போய் மறுபடி எண்ண முடியாது,
ஜன்னலில் அந்தப் பெண் நிற்கிறாள்.

அன்று ராத்திரி தொலைபேசியில்,
"எண்ணினாயா?"
"எண்ணினேன் அப்பா. பதினொன்று."
அவர் அழவில்லை.
பக்கத்தில் யாரிடமோ
"பார், நான் சொல்லவில்லை?" என்றாராம்.
போன மார்ச்சில் போய்விட்டார்.

ரோட்டை உயர்த்தியபோது இரண்டு
மண்ணுக்குள் போயிருக்கலாம்.
ஏழு வயதுக் கால்களுக்கு
ஒன்பதே பதினொன்றாய் இருந்திருக்கலாம்.
"ஒன்பது என்று
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை" என்றாள்,
என்னைப் பார்க்காமல், பசை டப்பாவைப் பார்த்து.

வரிசை முணுமுணுத்தது.
நகராட்சியின் பழைய வரைபடத்தைப் பிரித்தேன்.
படையாச்சி வீடு:
இரண்டு அறை, ஒரு தகரக் கொட்டகை.
ஆலமேலு அம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு
என் பேனாச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.
ஆறு என்றே எழுதினேன்.
முத்திரை குத்தினேன்.

எழுந்திருக்கும்போது நஜ்லா
ஒரு வெற்றுப் படிவம் கேட்டாள்.
எங்கே கொடுப்பாள், எந்த ஜன்னலில் நிற்பாள்,
கேட்கவில்லை நான்.
எண்ணிட்ட தாள், வெளியே போகக்கூடாது.
மை கொட்டிக் கெட்டது, ஒன்று
என்று கணக்கில் காட்டினேன்.

சாட்ஸ்வொர்த் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.
எங்கள் மனுவை இன்னும் எழுதவில்லை,
இரண்டு நாள்தான் பாக்கி.
அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.
"நம்ம வீட்டுக்கு எத்தனை படிம்மா?"
கத்தி நிற்கவில்லை.
"எந்த வீட்டுக்கு?" என்றாள்.