பதினொரு வாளி மெழுகு

ஏப்ரல் இருபத்தொன்று, பின்னிரவு இரண்டே முக்கால்.
சைபருக்குக் கீழே மூன்று என்றது வெப்பமானி.
ஷாப்ளியில் அன்று யாரும் உறங்கவில்லை.

சரிவெங்கும் வாளி வாளியாய் மெழுகு எரிந்தது.
தூரத்திலிருந்து பார்த்தால் திருவிழா.
கிட்டே வந்தால் புகை, வசவு, ஈரக் காலுறை.

என் வரிசைகளில் தண்ணீர்த் தெளிப்பான்.
அது வேறு வித்தை:
மொட்டின் மேல் நீரைத் தூவிக்கொண்டே இருக்க வேண்டும்.
நீர் உறையும், உறையும்போது விடுகிற சிறு சூட்டில்
உள்ளே மொட்டு பிழைத்துக்கிடக்கும்.
குளிரை உடுத்தித்தான் குளிருக்குத் தப்புவது.
நடுவில் நிறுத்தினால் எல்லாம் கருகும்.

மூன்று பத்துக்கு நின்றது.

கீழே செரான் ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது.
பம்பு மட்டும் இரண்டு முறை இருமி அடங்கிற்று.
வோய்தெக் குழாயைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினான்.
போலந்து மொழியில் அவன் முணுமுணுத்தது ஜெபமல்ல.

மேல் எல்லையில் ஆன்செல்மின் வாளிகள்.
என் அண்ணன். ஆறு வருடமாய்ப் பேச்சில்லை.
நிலத்தகராறு என்கிறது ஊர்.
நிலத்தை ஒரே மத்தியானத்தில் பிரித்துக்கொண்டோம்,
காப்பி ஆறுவதற்குள்.
சண்டை ஓக் பீப்பாயால் வந்தது.
பீப்பாயில் ஊறினால் வெண்ணெய் மணம் வரும்,
வனிலா வரும், விலை வரும் என்றான்.
மண் போய்விடும் என்றேன்.
உன் எஃகுத் தொட்டி ஒயின்
ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றான்.
அம்மாவை அடக்கம் செய்த அன்றைய சாப்பாட்டில்,
எல்லார் முன்னாலும், என் கிளாஸை முகர்ந்து
"ஈரக் கூழாங்கல்" என்று கீழே வைத்தான்.
வைததுதான்.
ஆனால் என் ஒயினை அவ்வளவு சரியாக
இதுவரை யாரும் சொன்னதில்லை.

எல்லைக்கல்லைத் தாண்டினேன்.
சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு
எரிகிற வாளிகளை ஒவ்வொன்றாய்த் தூக்கிவந்தேன். பதினொன்று.
ஒன்பதாவது சிந்தி மணிக்கட்டில் தழும்பு.

பதினொன்று ஒரே ஒரு வரிசைக்குத்தான் காணும்.
எந்த வரிசை என்று யோசிக்க நேரமில்லை;
மழை மண்ணை அரித்த அந்த வெளுத்த விளிம்பில் வைத்தேன்.
சுடர் வெளிச்சத்தில் தரையெல்லாம் சிப்பிகள்,
நகக்கண் அளவில், வளைந்து, கால்புள்ளி கால்புள்ளியாய்.
இந்த மேடு ஒருகாலத்தில் கடலடி.
பதினைந்து கோடி ஆண்டாய்
முற்றுப்புள்ளி வராத வாக்கியத்தின் மேல்
முழங்காலிட்டிருந்தேன்.

மேலே ஒரு டார்ச் விளக்கு என் பக்கம் திரும்பியது.
என் முகத்தில் சற்று நேரம் நின்றது.
பிறகு அணைந்தது.

மற்ற வரிசைகள் காலை வெயிலில் புகையிலை நிறமாயின.

இங்கே சூரியன் கடன் வாங்கியவன் மாதிரி,
சொன்ன நாளில் வருவதில்லை.
அந்தக் கோடையும் அப்படித்தான்.
செப்டம்பர் கடைசியில் பறித்தோம்.
அந்த ஒற்றை வரிசையைத் தனியே பிழிந்தேன்: அறுபத்திரண்டு பாட்டில்.

வெளிர்ப் பொன்; விளிம்பில் ஒரு பச்சை இழை.
வாயில் வைத்ததும் ஒன்றுமில்லை, சுனைநீரோ என்று தோன்றும்.
பிறகு நாவின் ஓரம் கூசும்:
பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல்,
சிக்கிமுக்கிக் கல்லை உரசிய கணம்.
விழுங்கின பின்னால்தான் உப்பு,
அறையைவிட்டு ஒருவர் போன பிறகு
அவர் சொன்னது புரிகிற மாதிரி.

வாளிக்கு ஒன்றாய்ப் பதினொரு பாட்டிலை
எல்லைக்கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.
மறுநாள் பார்த்தால் கல் காலி.
மூன்று வாரம் கழித்து ஒன்று திரும்பி வந்தது,
துடைத்து வைத்த மாதிரி வெறுமையாக.
கழுத்தில் சணல் கட்டி ஒரு சீட்டு:

"புளிப்பு. என் வாளிகள் எப்போது வரும்?"

வாளிகளில் ஜெரேனியம் நட்டிருக்கிறேன்.
தரமாட்டேன்.