சொட்டுக் கணக்கு

முப்பத்தொரு வருஷம் மணலியில்
வால்வு ஃபிட்டராக இருந்தவனிடம்
வால்வு ஒழுகுகிறது என்று
தயங்கித் தயங்கிச் சொன்னார் டாக்டர் ஷகிலா பானு.
எந்த லைன், எத்தனை இஞ்ச் என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
திரையை என் பக்கம் திருப்பினார்.

சாம்பல் மூட்டத்துக்குள் இரண்டு இதழ்கள்
கைதட்ட வந்து தட்டாமல் போயின.
ஒவ்வொரு துடிப்புக்கும்
நீலமும் மஞ்சளுமாக ஒரு பீய்ச்சல்
வந்த வழியே திரும்பி அடித்தது.
நுரையீரல் வரைக்கும் பேக் பிரஷர்.
இதற்குத்தான் ராத்திரியில் மூன்று தலையணை.
இதற்குத்தான் கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டி நீளமாக இருக்கட்டும் என்று
சைக்கிளைப் பிடித்தபடி வேண்டிக்கொண்டது.

"ஆயர் தலையில் வைக்கிற தொப்பி மாதிரி இருக்கும் இது."
ராயபுரம் மாதா கோயில் திருவிழாவில்
பார்த்திருக்கிறேன்: இரண்டு மடல், நடுவில் பிளவு.
கடல்காற்று அடித்தால் கையால் பிடித்துக்கொள்வார்.
"அதேதான். அந்தக் கைதான் வேண்டும் உங்களுக்கு."

மார்பைத் திறக்க முடியாது.
முன்பு ஒருமுறை திறந்து கட்டிய கம்பிகள்
இன்னும் உள்ளேயே இருக்கின்றன.
கிட்னி பாதி. பம்ப்பின் பலம் கால்வாசி.
பின்னிதழ் குட்டை, ஓரத்தில் சுண்ணாம்பு.
எங்கள் பாஷையில்
ஷட்டவுன் கிடையாது, ஓடுகிற லைனிலேயே வேலை,
அதுவும் சீட் தேய்ந்த வால்வு.
அப்படிப்பட்ட வேலைக்குப் பையன்களை அனுப்பியதில்லை.
நானேதான் போவேன்.
இந்தத் தடவை நானே லைன்.

காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன கடிதம்
மூன்று முறை திரும்பி வந்தது.
"அதுக்கும் ஒரு வால்வு மாத்தணும்" என்றாள் சொர்ணம்.

அன்றைக்கு நான் மயக்கத்தில் இருந்தேன்.
அதனால் இது மற்றவர்கள் சொன்னது.
வலது தொடை மடிப்பில் ஓர் ஓட்டை,
ரத்தக்குழாய் வழியே மேலே,
இதயத்தின் நடுச்சுவரைக் குத்தி
இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்.
குழாய் நுனியில் ஒரு கிளிப்,
கொடியில் துணிக்குப் போடுகிறதில் பாதிகூட இல்லை.
பிடித்தது. பின்னிதழ் நழுவியது.
திறந்தார்கள், திருப்பினார்கள்,
மறுபடி பிடித்தது. வாய் ரொம்பக் குறுகிவிட்டது.
விட்டார்கள்.

வெளியே பெஞ்சில் சொர்ணம்,
உள்ளே நடப்பது ஒன்றும் தெரியாமல்,
தலையில் இருந்த கிளிப்பை எடுத்துத்
திறந்து மூடி, திறந்து மூடி
உடைத்தேவிட்டாள்.

மூன்றாவது தடவை
எக்கோ மெஷினில் இருந்த பையன் சொன்னானாம்,
"மேடம், இன்னும் ஒரு நூல் பின்னாடி."
நூல்! எட்டில் ஒரு இஞ்ச்.
ஆஸ்பத்திரியில் யாரும் பேசாத அளவு அது.
பிறகு விசாரித்தேன்: பெயர் தாவீது, வியாசர்பாடி,
அப்பா லேத் பட்டறை.

கண் விழித்தபோது
டாக்டர் முகத்தில் பாதிச் சந்தோஷம்.
"நாலில் இருந்து ஒன்றுக்கு வந்திருக்கிறது.
முழுசா நிறுத்த முடியலை. மன்னிக்கணும்."
குழாய் உரசிய தொண்டையோடு
அவருக்குச் சொன்னேன்:
பம்ப்புக்கு கிளாண்ட் கயிறு அடிக்கும்போது
சொட்டே இல்லாமல் இறுக்கினால்
ஷாஃப்ட் கருகிப்போகும்.
நிமிஷத்துக்கு இத்தனை சொட்டு என்று
விட்டுவைக்கணும் மேடம்.
புது ஆள்தான் முழுசா இறுக்குவான்.
"இது வேற" என்றார்.
வேறதான்.
ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

நேற்று ராத்திரி ஒரே தலையணை.
பேசின் பிரிட்ஜ் பக்கம்
ரயில் தடம் மாறுகிற சத்தம்.
மல்லாந்து படுத்து ஒன்பது மாசம் இருக்கும்.
அப்போதுதான் பார்த்தேன்,
ஃபேனுக்கு மேலே கூரையில்
தட்டு அளவுக்கு ஈரம்.
மாடி வீட்டுக் குழாய்.
இது எத்தனை நாளா இருக்கு என்று
படுத்தபடியே கத்தினேன்.
மூச்சு வாங்கவில்லை.
"ஒழுவட்டும், தூங்குய்யா" என்றாள் சொர்ணம்.