மீன் ஆய்பவளின் தலை

முப்பது வருடமாக மீன் ஆய்ந்தவள் நான்.
இப்போது என்னை ஆயப் போகிறார்கள்.

படத்தை வெளிச்சத்தில் மாட்டி
இடது காதுக்கு மேலே, என்கிறார் மருத்துவர்,
எலுமிச்சை அளவு.
எந்த எலுமிச்சை என்று கேட்டேன்.
வால்பராய்சோ சந்தையில் இரண்டு சாதி உண்டு:
வடக்கே பாலைவனத்திலிருந்து வரும் குட்டி,
கோழிமுட்டையை மிஞ்சும் மஞ்சள் தடியன்.
சின்னதுதான், என்றார்.
பொய் சொல்கிற முகமில்லை.
ஆனால் அந்தக் கைகள்
ஒருநாளும் பேரம் பேசி எலுமிச்சை வாங்கியவை அல்ல.

ஒரு வாரம் வீட்டை ஒதுக்கினேன்.
கால் தடுக்கும் விரிப்பைச் சுருட்டினேன்.
கீழ் அலமாரிப் பாத்திரமெல்லாம்
மார்பு உயரத்துக்கு ஏறின.
ஐந்து கத்தியையும் தீட்டி, செய்தித்தாளில் சுற்றி
தங்கை எதெல்மிராவிடம் கொடுத்தேன்.
எண்ணி வாங்கிக்கொள், என்றேன்,
எண்ணித்தான் திருப்பி வாங்குவேன்.

குன்றின் மேல் எங்கள் வீடு.
தெருவிலிருந்து நூற்றுப் பதினாறு படி.
என் புருஷன் ரோசமெல் படியோரம்
பழைய படகுக் கயிற்றை இழுத்துக் கட்டினான்,
இருபதாம் படிதோறும் ஒரு முடிச்சு.
கண் இருண்டாலும் எங்கே நிற்கிறாய் என்று
கைக்குத் தெரியுமாம்.
அவனுக்குப் பேச வராது.
முடிச்சுப் போட வரும்.

பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள்.
ஏழு வரை ஞாபகம்.
ஆறு எங்கே போனதென்று
இன்றுவரை தெரியவில்லை.

திரும்பி வந்த அன்று
நாற்காலியோடு என்னைத் தூக்கி ஏற்றினார்கள்,
பேதுரு திருநாளில் புனிதரைச் சுமக்கும் அதே நால்வர்.
அவரைவிடக் கனம், என்று மூச்சிரைத்தான் ஒருவன்.
அவர் மரம், என்றேன். அல்லது
சொன்னதாக நினைத்தேன்.

முப்பத்து நான்கு உலோகத் தையல்.
மூன்று தலையணை உயரத்தில் தூக்கம்.
குனியாதே. முக்காதே. எதையும் தூக்காதே.
எல்லாமே நாணயம் போல வாசம் வீசுகிறது,
ரொட்டி, சோப்பு, ரோசமெலின் சட்டை.
மாத்திரைக்குப் பசிக்கிறது விடியற்காலை மூன்று மணிக்கு,
வாய் மட்டும் என்னுடையது.
கண்ணாடியில் ஊதிக்கொண்ட பேத்தை மீன்
ஒரு பக்கம் மொட்டையாக என்னை முறைக்கிறது.

எழுநூற்றைம்பது என்று சொல்ல வாயெடுத்தால்
செவ்வாய்க்கிழமை என்று வருகிறது.
கிலோ செவ்வாய்க்கிழமை!
நான்தான் முதலில் சிரித்தேன்,
பிறகு கோப்பையை எறிந்தேன்.
ரோசமெல் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினான்.
அவனால் குனிய முடிகிறதே
என்று அதற்கும் ஆத்திரம்.

இரவில் என் மணிக்கட்டிலிருந்து
தரையில் படுத்த அவன் மணிக்கட்டுக்குத்
தூண்டில் நூல்.
வலிப்பு வந்தால் இழுக்கும்.
வெறுமனே புரண்டாலும் இழுக்கும்,
உடனே எழுந்து விளக்கைப் போடுவான்.
ஒன்றுமில்லை, தூங்கு என்பேன்.
விடிவதற்குள் ஐந்தாறு முறை
யாரை யார் பிடித்தோமோ.

ஆறாவது வாரம்,
முடிச்சு முடிச்சாக இறங்கி
அறுபதாம் படிவரை போய்த் திரும்பிய மறுநாள்,
எதெல்மிரா ஒரு மெர்லூசா மீனோடு வந்தாள்.
இன்று காலை பிடித்தது, அக்கா.
முகர்ந்தேன். நாணயம்.
கண்ணைப் பார்த்தேன். எனக்கே கண் மங்கல்.
செவுளுக்குள் விரலை விட்டேன்.
"நேற்று," என்றேன்.

தேடாமல், தட்டுத் தடுமாறாமல்
வந்து விழுந்தது சொல்.
எதெல்மிரா காது சிவக்க நின்றாள்.
முந்தாநாள், அக்கா, என்றாள்.

ஒரு நாள் பிசகு. போகட்டும்.
என் கத்தியைக் கொடு, என்றேன்.
இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.
மூன்று மாதம், என்று முணுமுணுத்தான் ரோசமெல்.

மீனை மார்பு உயர மேடையில் வைத்து
கட்டைவிரல் நகத்தால்
வாலிலிருந்து செதில் சுரண்டத் தொடங்கினேன்,
தலை குனியாமல்.