மார்கழியில் பொருந்தாது

மேசையின் ஒரு தலைப்பில் குழல்,
மறு தலைப்பில் கட்டை.
இரண்டின் கழுத்திலும் சணல் கட்டி, சிவப்பரக்கு வைத்த சீட்டு.
குழல் இருந்தது வயல்வாடிக் கிடுகுக்குள்ளாம்,
கட்டை வெள்ளைத்தம்பி வீட்டு விறகுக்குள்.
இரண்டும் ஒரே துவக்கென்றால் அவனுக்கு மறியல்.
வேறுவேறென்றால்
ஒன்று பழைய இரும்பு, மற்றது அடுப்புக்கு.

தச்சு வேலை எத்தனை வருஷம்?
முப்பத்தொன்று, ஐயா.
துவக்குக்குக் கட்டை போட்டிருக்கிறீரா?
கச்சேரித் துண்டு பார்த்துத்தான் போடுவேன்.

அது பாதி.
மற்றப் பாதி எதிர்வாங்கில்
செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கேட்டதற்குமேல் நான் பேசினேன்.
வேலையைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை.
இது சவண்டலை, ஐயா, வள்ளத்துக்குத் துடுப்புச் செய்கிற மரம்,
அடிக்கு வளையும், உடையாது.
இரும்பு அப்படியில்லை.
கிண்ணியா உதுமாலெவ்வை அடித்த குழலும்
எங்கோ ஓரிடத்தில் கொஞ்சம் வயிறு தள்ளித்தான் இருக்கும்.
அந்த வயிறு எங்கேயென்று
கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது.
குப்பிவிளக்குப் புகையில் குழலைக் காட்டு.
கரி படியட்டும்.
பள்ளத்தில் வை, எடு.
முட்டின இடம் கறுத்திருக்கும்.
கறுத்ததைச் சீவு.
திரும்ப வை.
நாற்பது தரம், சிலதுக்கு எழுபது.
கடைசியில் குழல் போய்ப் படுக்கும்போது
ஒரு சத்தம் வரும்,
தூங்குகிற பிள்ளை
வாய் மூடுகிற மாதிரி.

எழுதுகிறவர் பேனையை நிறுத்திவிட்டார்.
நீதவான் சொன்னார்: பொருத்திக் காட்டும்.

வெளியே மூன்று கிழமை விடாத மழை.
மகாவலி கங்குவேலிப் பக்கம் ஏறிவிட்டதென்று பேச்சு.
நீதிமன்றக் கூரை ஒழுக
சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு வாளி.
குழலை வைத்தேன்.
முக்கால்வாசி போனது.
பிறகு நின்றுவிட்டது,
ஒரு நெல்மணி உயரத்தில்.

பொருந்துதா இல்லையா?
இன்றைக்கு இல்லை, ஐயா.
யாரோ சிரித்தார்கள். வாளியில் சொட்டு விழுந்தது.
மரம் தண்ணி குடிச்சிருக்கு.
மார்கழியில் எந்தக் கட்டையும் எந்தக் குழலையும் ஏற்காது.
ஆனியில் கேளுங்கள்,
கச்சான் அடித்து மரம் ஒடுங்கின பிறகு.
சார்ஜனுக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தவர்
கச்சானை வறுத்த கடலையாக்கிவிட்டார்.
சார்ஜன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

நான் சொன்னதில் பொய் இல்லை.
எந்தத் தச்சனைக் கூப்பிட்டாலும் இதைத்தான் சொல்லுவான்.

ஆனால் குழலைத் திரும்ப எடுத்தபோது பார்த்தேன்,
பள்ளத்தின் அடியில், வால்பக்கம்,
புளியங்கொட்டை அளவில் கரி.
ஆறு வருஷத்துக்கு முந்தின கரி.
கடைசி முட்டலை மட்டும் நான் சீவுவதில்லை.
விட்டுவிடுவேன்.
அந்த இடத்தில்தான் குழல் தன்னைப் பிடித்துக்கொள்ளும்.
மூதூரில் வேறு எவனும் அப்படி விடமாட்டான்.
அந்தக் கறுப்புக்கு நேரே
குழலில் ஒரு வயிறு.

என் பெருவிரல் என்னைக் கேட்கவில்லை.
போனது. துடைத்தது. வந்தது.

வாக்குமூலத்தில் ஒப்பமிட்டபோது
தாளின் ஓரத்தில் ஒரு கறுப்பு ஒட்டியது.
கையைக் கழுவியிருக்கலாமே, என்றார் எழுதுகிறவர்.
மழைத்தண்ணியில் நீட்டினேன்.
எண்ணெய் கலந்த கரி, ரேகைக்குள் நின்றுவிட்டது.

வாசலில் வெள்ளைத்தம்பி
நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை.
குடையை என் பக்கம் கொஞ்சம் சரித்தான்.
ஆனியில் என்ன செய்யிறது, என்று மட்டும் கேட்டான்.

இரவு பட்டித்திடல் பக்கமிருந்து
தகரம் தட்டுகிற சத்தம்.
அவன்தான், தாளத்தில் தெரிந்தது.
பயிர் குடலைப் பருவம்,
பன்றிக்குத் தவணை கிடையாது.
விளக்கைத் தணித்துவிட்டுப் படுத்தேன்.

ஜூலை ஆறு, காலை ஒன்பது மணி.
கச்சான் நன்றாக அடிக்கும் காலம்.